கரைக்குக் கீழே ஒரு வீடு

அக்டோபர் 8, புதன்

சிலிண்டர் வந்தது. காலையில் வெயில், மத்தியானத்துக்கு மேல் தூறல். நிதின் புதுப் பலகை மாட்டியிருக்கிறான்: ‘லேக் சைடு ஸ்டே’. ஆரஞ்சு மரங்களுக்குத் தண்ணீர் பாய்ச்ச, என் வீட்டுக்காரர் ஓடையை மறித்து மண்கரை போட்டுக் கட்டிய குட்டை அது. அவர் இருந்தவரை குட்டைதான். அவர் போய், நான் இந்தக் கோயம்புத்தூர்ப் பையனுக்குக் குத்தகைக்கு விட்டதும் லேக் ஆகிவிட்டது. கரையோரம் தங்கும் அறைகள் கட்டி, மிதிபடகுகள் வாங்கிப் போட்டிருக்கிறான். இரண்டுக்கு அன்னப்பறவைக் கழுத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் கனத்த கணவன்மார்கள் மூச்சிரைக்க மிதிப்பதைப் பார்த்தால் எனக்குப் பொழுது போகிறது.

சர்க்கரைக்காகக் கரையில் நடந்தேன். வெளிப்பக்கம், கரையின் அடியில் ஓரிடத்தில் செருப்பு சொதக்கென்று புதைந்தது. அங்கே மட்டும் புல் கூடுதல் பச்சையாக இருந்தது. மழைக்காலத்தில் ஈரம் இல்லாமல் வேறு என்ன இருக்கும்.

அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தில் நாகரத்தினம் மதினியின் வீடு நேர் கீழே தெரியும். மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரரின் அக்கா. பாகம் பிரித்தபோது மேட்டுநிலமும் குட்டையும் தம்பிக்கு, ஓடையோரப் பள்ளம் அக்காவுக்கு என்று ஆனது. அன்றிலிருந்து பேச்சு இல்லை. தம்பி செத்தபோது வந்து வாசலில் நின்று அழுதுவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போனாள். இன்றைக்கு என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் திருப்பிக்கொண்டேன். எனக்கும் கழுத்து இருக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

அந்த ஈர இடத்தில் இன்று தண்ணீர் ஊறி, விரல் தடிமனுக்கு ஓடுகிறது. நிதினுக்கு போன் போட்டேன். வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னான். எடுத்ததில் பாதி என் கட்டைவிரல். அதையும் தன் இன்ஜினியர் நண்பனிடம் காட்டிவிட்டுக் கூப்பிட்டான்.

“தெளிவாத்தானே ஆன்ட்டி வருது? அப்ப ஒண்ணும் பயமில்லையாம். மண்கரைன்னா கொஞ்சம் கசியத்தான் செய்யுமாம். கலங்கலா வந்தா மட்டும் ஒடனே சொல்லுங்க.”

“கலங்கலா வந்தா என்ன அர்த்தம்?”

“உள்ளுக்குள்ள மண்ணு அரிச்சுக்கிட்டு வருதுன்னு அர்த்தம். அதெல்லாம் வராதுங்க ஆன்ட்டி.”

எதற்கும் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கிவிடலாமே என்றேன். எதை வைத்து இறக்குவது? குட்டையின் தண்ணீரைத் திறந்துவிடும் குழாய்த் திருகின் மேல்தான் இவன் படகுத் துறை என்று கான்கிரீட் போட்டான். கல்யாணத்துக்கு முந்திப் போட்டோ எடுக்க வருகிறவர்களுக்கு அந்த இடம்தான் வாட்டமாம். அதற்கு நான் சம்மதக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து போகிற மறுகால் ஒன்று உண்டு. அதிலும் சிமெண்ட் கல் அடுக்கி உயர்த்தியிருக்கிறான். கோடையில் படகு தரை தட்டுகிறதாம். அன்னப்பறவை தரை தட்டினால் யாருக்கு என்ன என்று நான் அப்போதே கேட்டிருக்கலாம்.

சாயந்திரம் மழை. துணி காயவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

பாக்கியம் முறுக்கு பிழிய வந்தாள். பள்ளத்தில் மதினி வீட்டைத் தவிர இன்னும் மூன்று வீடு. அதில் ஒன்று பாக்கியமும் அவள் புருஷன் சின்னராசுவும் இருப்பது. மதினிக்கு ஒரு மாடு, ஓர் அவரைப் பந்தல். காது கொஞ்சம் மந்தம். தனியாகத்தான் இருக்கிறாள்.

தீபாவளிக்கு எல்லா அறையும் புக்கிங் ஆகிவிட்டது என்று நிதின் குஷியாக இருக்கிறான். எனக்கு மாவு பதமாக வரவில்லை. பிழியப் பிழிய அறுந்தது. பேச்சோடு பேச்சாகப் பாக்கியத்திடம் சொன்னேன், கரையில் கசிவு இருக்கிறது, மழை பலத்தால் கொஞ்ச நாள் மேட்டில் வந்து இருங்கள், மதினியிடமும் சொல் என்று.

போய்ச் சொல்லிவிட்டு மத்தியானமே பதிலோடு வந்தாள்.

“போன வருசம் பாடுன பாட்டையே இந்த வருசமும் பாடுறாளாக்கும், ராகமாவது மாத்தச் சொல்லுன்னாங்க.”

போன வருடம் மதினியின் நிலத்தில் கூடாரம் அடித்து விருந்தாளிகளைத் தங்க வைக்க நிதினுக்கு ஆசை வந்தது. விலை பேசிப் பார்த்தான். மதினி மசியவில்லை. உடனே, ‘கரை வலுவில்லை பாட்டி, உடைஞ்சா மொதல்ல உங்க வீடுதான்’ என்று பயம் காட்டினான். கரைக்கு அப்போது ஒரு குறையும் இல்லை. நான் அதில் தலையிடவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

கலங்கல்.

காலையில் போய்ப் பார்த்தபோது பால் குறைந்த டீ நிறத்தில் வந்துகொண்டிருந்தது. கையில் ஏந்திப் பார்த்தேன். உள்ளங்கையில் மண் தங்கியது.

நிதினுக்கு போன் போட்டேன். தீபாவளி முடிந்ததும் இன்ஜினியரைக் கையோடு கூட்டி வருகிறேன் என்றான். மறுகால் கல்லையாவது எடுத்துவிடு என்றேன். “எடுத்தா போட் ஓடாதுங்க ஆன்ட்டி. வர்றவங்கெல்லாம் போட்டுக்காகத்தான் வர்றாங்க. தீபாவளி மட்டும் தாண்டட்டும், நானே எடுத்துடறேன்.”

தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லைதான். பெரிய மழை எதுவும் இருக்காது என்று டிவியிலும் சொன்னார்கள்.

அக்டோபர் 15, புதன்

ஜீப் பிடித்து அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று கேட்டால் எனக்கே தெளிவில்லை. முதல் மேஜையில் அடுத்த கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள். அடுத்த கட்டடத்தில் மாடிக்குப் போகச் சொன்னார்கள். மாடியில் கண்ணாடி போட்ட பிள்ளை ஒருவர் உட்காரச் சொன்னார். பொறுமையாகக் கேட்டார். அதற்கே கும்பிடலாம் போலிருந்தது.

“அந்தக் கரை எங்க லிஸ்ட்லயே இல்ல மேடம். சர்க்கார் கொளம்னா நாங்க வருவோம். இது உங்க சொந்தக் கரை. ஒடைஞ்சா நிவாரணம்னு எங்க கைக்கு வரும்.”

“ஒடையுறதுக்கு முன்னால?”

“முன்னால நீங்கதான் மேடம்.”

கீழே இருக்கிறவர்களை அப்புறப்படுத்தவாவது ஆள் அனுப்புவீர்களா என்றேன். சொல்லிப் பார்க்கச் சொல்கிறேன் என்றார். சாயந்திரமே ஓர் ஆள் பள்ளத்துக்கு வந்தார். மதினி அவருக்கு மோர் கொடுத்து, தன் பட்டாவைக் காட்டி, அனுப்பிவிட்டாளாம். அவர் போகிற வழியில் என் வீட்டிலும் மோர் குடித்தார்.

அக்டோபர் 16, வியாழன்

நானே இறங்கிப் போனேன். வருடக் கணக்கில் காலடி வைக்காத வாசல். மதினி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தபோது தெரியவில்லை.

“மதினி” என்றேன்.

மாட்டைப் பார்த்துச் சொன்னாள்: “யாரோ வந்துருக்காக லச்சுமி. என்ன வேணுமாம், கேளு.”

கரையிலிருந்து மண் வருகிறது, கண்ணால் பார்த்தேன், இன்றைக்கே என் வீட்டுக்கு வந்துவிடுங்கள், மாட்டையும் ஓட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். அதற்கும் லட்சுமிக்குத்தான் பதில்.

“கேட்டியா லச்சுமி? நாம மேட்டுக்குப் போயிரணுமாம். நாம அங்கிட்டுப் போகவும் இங்கிட்டுக் கூடாரம் மொளைச்சுரும். திரும்பி வந்தா ரூம் வாடகை கேப்பாக.”

“சத்தியமா இல்ல மதினி. இது வேற. இது நெசம்.”

“போன வருசமும் நெசம்னுதான் சொன்னாக, இல்ல லச்சுமி?”

மாடு தவிட்டைத் தின்றது. நான் கொஞ்ச நேரம் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. திரும்பி ஏறும்போது முழங்கால் வலி. கோபமாக வந்தது. செத்தால் சாகட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். சொல்லிவிட்டுப் பக்கத்தில் யாராவது கேட்டார்களா என்று பார்த்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

மழை. கலங்கல். முறுக்கு நமத்துவிட்டது.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். ரிசார்ட் முழுக்க ஆட்கள். மழை விட்ட நேரமெல்லாம் படகு. கரை மேல் நின்று வாணம் விட்டார்கள். ஒரு பெண் குழந்தை என்னிடம் ஓடி வந்து, இந்த லேக்கில் முதலை இருக்கிறதா என்று கேட்டது. இல்லை கண்ணு என்றேன். ஏமாற்றமாகப் போனது.

மதினிக்குப் பாக்கியத்திடம் பலகாரம் கொடுத்தனுப்பினேன். பாத்திரம் அப்படியே திரும்பி வந்தது. மூடியைக்கூடத் திறக்கவில்லை.

சாயந்திரத்திலிருந்து விடாத மழை. டிவியில் இப்போது தாழ்வு மண்டலம் என்கிறார்கள். கல்லை முந்தியே எடுத்திருக்கலாம். நிதினிடம் சொன்னேனே, நான் சொல்லாமல் இல்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

விருந்தாளிகள் மழையைப் பார்த்துக் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். நிதினைக் கேட்கவில்லை. சின்னராசுவைக் கூப்பிட்டுக் கடப்பாரையால் மறுகால் கல்லைப் பெயர்க்கச் சொன்னேன். மூன்றாவது கல் அசைந்ததும் மீதியைத் தண்ணீரே உருட்டிக்கொண்டு போனது. சின்னராசு துள்ளி விலகினான். குட்டை ததும்ப நின்ற தண்ணீர், ஒரேயடியாக இறங்கியது.

மத்தியானத்துக்குள் ஓர் அடிக்கு மேல் இறங்கிவிட்டது. கரையடியில் வந்த கலங்கலும் மட்டுப்பட்டு, சாயந்திரம் கிட்டத்தட்டத் தெளிவாகவே வந்தது. நான் அங்கேயே புல்லில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம்தான்.

அப்போதுதான் கீழே பார்த்தேன். அந்தத் தண்ணீரெல்லாம் ஓடையில் கொள்ளாமல் மதினியின் அவரைப் பந்தல் வழியாகப் போயிருக்கிறது. பந்தல்கால் ஒன்றுகூட நிற்கவில்லை. காய் பறிக்கிற பருவம். மதினி முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். குனிந்தாள். இரண்டு கை நிறைய மண்ணை அள்ளி, நான் இருந்த பக்கம் வாரித் தூற்றினாள். மூன்று தடவை.

அவ்வளவு தூரத்திலிருந்து மண் என் மேல் விழாது. ஆனாலும் தட்டிவிட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 22, புதன்

இறங்கினதற்குச் சமமாக மறுபடி ஏறிவிட்டது. மலை முழுக்கப் பெய்கிற தண்ணீர் இந்த ஒரு குட்டைக்கே வருகிறது போலிருக்கிறது. கலங்கல் திரும்ப ஆரம்பித்து, இப்போது கை அகலத்துக்கு வருகிறது.

நிதின் வந்தான். மண்ணைத் தொட்டுப் பார்த்தான். முகம் செத்துப்போய்விட்டது. திட்ட வேண்டும் என்று காத்திருந்தேன், மனசு வரவில்லை. அவன் என் மகன் வயது. டீசல் மோட்டார் இரண்டு கொண்டு வந்து வைத்து இறைக்கிறான். இறைக்கிறதைவிட வருவது அதிகம். துறையின் கான்கிரீட்டை உடைக்க மெஷின் கேட்டிருக்கிறான். கீழே ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது. மெஷினும் வராது, இன்ஜினியரும் வரமாட்டார்.

பாக்கியத்தையும் மற்ற இரண்டு வீட்டாரையும் கூட்டி வந்து கலங்கலைக் காட்டினேன். பார்த்ததும் நம்பினார்கள். ஆடு, கோழி, பாத்திரம், பண்டம் எல்லாவற்றோடும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். மதினி வந்து பார்க்கவும் மாட்டேன் என்றுவிட்டாள். சின்னராசு கையைப் பிடித்து இழுத்தானாம், அறை வாங்கியிருக்கிறான்.

“என்னதான் சொல்றாக?” என்றேன்.

தயங்கித் தயங்கிச் சொன்னான். “கரைக்குச் சொந்தக்காரி மேட்டுல பத்தரமா உக்காந்துக்கிட்டு என்னைய ஓடச் சொல்றா. அம்புட்டுப் பயம் நெசம்னா, அவ வந்து எங்கூட இந்த வீட்டுல இருக்கட்டும், அப்ப நம்புறேன்னு சொல்றாக.”

அக்டோபர் 23, வியாழன்

இதை மதினி வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாற்றுப்புடவை, மாத்திரை, டைரி, ஒரு டார்ச். இவ்வளவுதான் எடுத்து வந்தேன். நிதின் வழியை மறித்து, “ஆன்ட்டி, பைத்தியமா உங்களுக்கு?” என்றான். அவள் வரும்வரை நானும் வரமாட்டேன் என்றேன். சொல்லும்போது நன்றாக இருந்தது. வரப்பில் இறங்கும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

மதினி கதவைத் திறந்து, பையைப் பார்த்து, என்னைப் பார்த்தாள். பக்கத்தில் மாடு இல்லை.

“உள்ள வா. நனையாத” என்றாள். என்னிடமே சொன்னாள்.

கொள்ளு ரசம் வைத்தாள். சாப்பிட்டேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இவள் தம்பி ரசம் என்றால் இப்படித்தான் இருக்கணும் என்று என்னிடம் குறை சொல்லிக்கொண்டே இருந்தது நியாயம்தான் போலிருக்கிறது. அதையும் சொன்னேன். சிரித்தாள். பல் இரண்டு இல்லை.

“இப்ப நம்புறீங்களா மதினி? நாளைக்கு விடியவும் ரெண்டு பேரும் போயிருவோம்.”

“எதுக்குப் போகணும்?” என்றாள் மதினி. “கரை ஒடையுறதா இருந்தா நீ வருவியா? ஒன்னைய எனக்குத் தெரியாதா? கரப்பான் பூச்சிக்கே கட்டில் மேல ஏறுறவ நீ. கரை நிக்கும்னு தெரிஞ்சுதான் வந்துருக்க.”

“நீங்கதான வரச் சொன்னீங்க! வந்தா நம்புறேன்னு சொன்னீங்க!”

“வரமாட்டேன்னு நெனச்சுச் சொன்னேன்.”

தலையில் அடித்துக்கொண்டேன். இல்லை மதினி, உங்களைக் கூட்டிப் போகத்தான் வந்தேன், எனக்கு உள்ளுக்குள் உதறல் எடுக்கிறது என்றேன். கேட்டுக்கொண்டே எனக்குப் பாய் விரித்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்:

“போன வருசம் அந்தப் பய எங்கிட்ட வந்து ஒடையும் ஒடையும்னு சொன்னானே, அப்ப நீயும்தான கொடையைப் பிடிச்சுக்கிட்டு வரப்புல நின்ன? வாயத் தொறந்தியா? அன்னிக்கு அது பொய்யின்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?”

நான் குடையோடு நின்றது உண்மைதான். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதைத்தான் முறுக்கு பிழிந்த அன்று இந்த டைரியில் எழுதினேன், தலையிடவில்லை என்று.

அக்டோபர் 24, வெள்ளி

இப்படி ஒன்று நடக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

காலையில் வாசலில் ஆட்டுச் சத்தம். பார்த்தால் பாக்கியமும் சின்னராசுவும் மற்ற இரண்டு வீட்டாரும் மூட்டை முடிச்சோடு இறங்கி வருகிறார்கள். பாக்கியம் முகமெல்லாம் சிரிப்பு.

“பள்ளிக்கூடத்துல ஒரே ஒழுக்கும்மா. கொசுக்கடி வேற. நீங்களே இங்கன வந்து தங்கிட்டீகன்னு கேள்விப்பட்டோம். கரைக்காரவுகளே கீழ வந்து படுத்துட்டாக, பெறகு நமக்கு என்னன்னு வந்துட்டோம்.”

நான் கத்தினேன். கையைப் பிடித்துக் கெஞ்சினேன். கரையைப் பாருங்கள், நேற்றைவிட அதிகமாக வருகிறது என்றேன். பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். “சும்மா இருங்கம்மா. ஆபத்துன்னா நீங்க இங்க இருப்பீகளா?” என்றான் சின்னராசு. ரெண்டு பொம்பளைகளும் ராசியாகிவிட்டது நல்லதுதான் என்று பேசிக்கொண்டே போய் அடுப்பு மூட்டினார்கள்.

ஒருத்தியைக் கூட்டிப் போக வந்தேன். இப்போது நான்கு வீடும் நிறைந்திருக்கிறது. குழந்தைகள் எத்தனை என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

மதினி என் தலைக்கு எண்ணெய் வைத்தாள். பேன் இருக்கிறது என்றாள். பொய்.

அக்டோபர் 25, சனி

பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன்.

மத்தியானம் மழை கண் தெரியாமல் கொட்டியது. நான் மதினி வீட்டு வாசலில் நின்று கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி உள்ளே பூண்டு உரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். தம்பிக்குச் சின்ன வயதில் திக்குவாய் இருந்ததையும், அவள்தான் தினம் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்ப் பாட்டுப் பாட வைத்ததையும் சொன்னாள். எனக்கு அவர் சொன்னதே இல்லை. அப்போது கரையின் வெளிமுகத்தில் கட்டில் அகலத்துக்கு மண் அப்படியே வழுக்கிக் கீழே வந்தது. அந்த இடம் பச்சைப் புண்ணாகத் தெரிந்தது.

ஓடினேன்.

செருப்புப் போடவில்லை. பை எடுக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த டைரி மட்டும் இருந்தது. “ஓடுங்க, ஓடுங்க” என்று வாய் திறந்தது பாக்கியம் வீட்டு வாசலில்தான். அப்படியே கத்திக்கொண்டு வரப்பில் ஏறி ஓடினேன். இரண்டு முறை விழுந்தேன். நான் ஓடுவதைப் பார்த்து எல்லாரும் போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். அடுப்பில் உலை கொதிக்கக் கொதிக்க விட்டுவிட்டு வந்தார்கள். குழந்தைகள் எல்லாம் வந்துவிட்டன.

நான் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. நான் ஓடினால்தான் ஓடுவார்கள். அதை யோசித்துத்தான் ஓடினேன். அவர்களுக்காகத்தான் ஓடினேன்.

மேட்டுக்கு வந்து எல்லாரும் நின்ற பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். மதினி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மழையில் முகம் தெரியவில்லை. கையில் பூண்டு உரித்துப் போட்ட சுளகு இருந்தது. சின்னராசு திரும்பி ஓடினான். அவன் பாதி வழி போவதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். தட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

நானும் போயிருக்க வேண்டும். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

கரை நிற்கிறது.

அக்டோபர் 27, திங்கள்

மழை நின்று வெயில் அடிக்கிறது. எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். உலை வைத்த சட்டிகள் அடிப்பிடித்துக் கருகிப்போயின. ஓடினபோது விழுந்ததில் ஒருத்திக்குக் கை பிசகியிருக்கிறது. பாக்கியத்தின் கோழிகள் திறந்து கிடந்த கூட்டிலிருந்து காணாமல் போய்விட்டன. கீரி கொண்டுபோயிருக்கும். பாக்கியம் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. முறுக்கு பிழிந்த கூலியைக்கூட வாங்க வரவில்லை. குழந்தைகள் வரப்பில் ‘ஓடுங்க ஓடுங்க’ என்று விளையாடுகின்றன. ஒன்று அப்படியே என்னை மாதிரி விழுந்து எழுகிறது. என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டன.

கரை நின்றதற்குச் சந்தோஷப்பட வேண்டும். கொஞ்சம் பட்டேன். ஆனால் கலங்கல் நிற்கவில்லை. கரையின் மேல், நடக்கிற பாதையில், அண்டா வைக்கிற அளவுக்கு ஒரு குழி இறங்கியிருக்கிறது. முன்னால் அங்கே சமதரை. நிதின் வீடியோ அனுப்பினான். இன்ஜினியர் பார்த்துவிட்டு, யாரும் கரை மேல் நடக்காதீர்கள் என்று மட்டும் சொன்னாராம். ரோடு சரியானதும் வருகிறாராம்.

அக்டோபர் 28, செவ்வாய்

நிதினும் நான்கு ஆட்களும் சம்மட்டியால் அடித்து அடித்துத் துறையை உடைத்துவிட்டார்கள். திருகு தெரிந்தது. சந்தோஷத்தில் எல்லாரும் கத்தினோம். இரண்டு பேர் சேர்ந்து பலத்தைக் கொடுத்துத் திருப்பினார்கள். துருப்பிடித்த தண்டு பாதியில் ஒடிந்து கையோடு வந்துவிட்டது. நிதின் அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். “ஸாரி ஆன்ட்டி” என்றான். காப்பி போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய.

டிவியில் அடுத்த தாழ்வு மண்டலம். நாளை முதல் மலைப்பகுதிகளில் மிகப் பலத்த மழை.

பள்ளத்துக்குப் போய் வீடு வீடாகச் சொன்னேன். “சரிம்மா, சரிம்மா” என்றார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்கள். சின்னராசு மட்டும் நேராகக் கேட்டான்: “இந்தத் தடவை இருக்கப் போறீகளா, ஓடப் போறீகளா? எதுன்னு சொல்லுங்க, அதுக்குத் தக்கன கோழியக் கட்டி வைக்கிறோம்.”

இருந்தால் கரை நல்லது என்று தங்கிவிடுவார்கள். ஓடினால் இனி ஒருத்தரும் கூட ஓடி வரமாட்டார்கள். மேட்டில் உட்கார்ந்திருந்தால் மேட்டில் இருந்துகொண்டு பயம் காட்டுகிறாள் என்பார்கள். வேறு வழி இருக்கிறதா என்று படுத்துக்கொண்டே யோசிக்கிறேன். பயமாக இருக்கிறது. எனக்காகப் பயப்படுகிறேனா அவர்களுக்காகவா என்று பிரிக்கத் தெரியவில்லை.

மதினி வீட்டுக் கதவு மட்டும் நான் தட்டவில்லை.

அக்டோபர் 29, புதன்

விடிந்ததிலிருந்து கருக்கல். ஒன்பது மணிக்கு முதல் தூறல் விழுந்தது. அப்போதே வேறொரு பையை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினேன். மேட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். பாக்கியம் வாசலிலிருந்து பார்த்தாள். என்ன நினைத்தாளோ, உள்ளே போய்விட்டாள்.

மதினி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். அன்றைக்கு நான் விட்டுப்போன செருப்பு கழுவிச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தது.

“மதினி, நான்தான்.”

உள்ளே அடுப்பு ஊதும் சத்தம் மட்டும் கேட்டது. மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். தூறல் மழையாகிவிட்டது. கரையிலிருந்து வருகிற தண்ணீர் இங்கே கொட்டகை வாசல் வரை கலங்கலாக வந்து ஓடையில் சேர்கிறது. இதை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. மதினி வெளியே வரவில்லை. நிலைப்படியில் நின்று, தலைக்கு மேல் சாக்கைப் போட்டுக்கொண்டு, கரையை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் அதைப் பார்த்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பிறகு என் பக்கம் திரும்பினாள். கோபமாகத்தான் இருந்தாள்.

“இன்னிக்கி ஓடுறப்ப” என்றாள், “சொல்லிட்டு ஓடு.”